முகில்கோட்டையின் முப்பத்தொன்றாம் அத்தியாயம்

மொதல்லயே சொல்லிப்போடறனுங்க அம்மிணி. கலைக்களஞ்சியத்துல நான் போட்ட முடக்கத்த எடுத்துடச் சொல்லிக் கேக்க வந்திருந்தீங்கன்னா, அது நடக்காது. மத்தபடி உக்காருங்க. அந்தச் சேரு வேண்டாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. துளசி, தண்ணி கொண்டா, ஊத்துக்குளியில இருந்து வெயில்ல வந்திருக்கறாங்க.

வீட்ட எப்படிக் கண்டுபுடிச்சீங்க? என் பயனர் பக்கத்துல நாச்சிமுத்து, சங்ககிரி எடைமேடைன்னு போட்டிருக்கறனே, அத வெச்சா? அங்க போயி நாச்சிமுத்துன்னு கேட்டீங்களாக்கும். கெட்டிக்காரங்க. அந்த மேடையில இருவத்தெட்டு வருசம் இருந்தனுங்க. லாரி ஏறும், முள்ளு நிக்கும், சீட்டு எழுதுவேன். நூறு கிலோ கொறச்சுப் போடுங்கண்ணான்னு டிரைவருங்க கெஞ்சுவாங்க, சில பேரு அழுகக்கூட செய்வாங்க. நான் மூஞ்சியவே பாக்க மாட்டேன். முள்ளப் பாப்பேன், எழுதுவேன். கலைக்களஞ்சியத்துலயும் அதனாலதான் எடைக்கல்லுன்னு பேரு வெச்சுக்கிட்டேன்.

உங்களுக்கு இந்தச் சோலி எப்படின்னு தெரியுமோ என்னமோ. இது இணையத்துல இருக்கற கலைக்களஞ்சியம், ஆரு வேண்ணாலும் எழுதலாம். ஆரு எழுதுனதையும் ஆரு வேண்ணாலும் திருத்தலாம். எத்தன மணிக்கு எந்த எழுத்த மாத்துனாங்கன்னு ஒண்ணு உடாம வரலாறுல நிக்கும். ஆனா கண்டதையும் எழுதறவன் இருக்கறானல்ல? அதுக்குத்தான் என்னையாட்ட நிர்வாகிங்க. தப்ப நீக்குவோம், பக்கத்தப் பூட்டுவோம், சொன்ன பேச்சு கேக்காதவன முடக்குவோம். சம்பளம் கிம்பளம் ஒண்ணும் கெடையாது. பொதுச் சேவை.

நான் காவல் காக்கற பக்கம் எதுன்னு சொன்னா சிரிச்சுராதீங்க. ஒரு பொம்மப் படம். முகில்கோட்டைன்னு கொழந்தைகளுக்கு டிவியில போட்டாங்க. மஸ்கட்டுல இருக்கற எம்பேத்தி பிரணிதா அதுமேல பைத்தியமா இருந்தா. போன்ல அவகூடப் பேசறதுக்கு எனக்கு ஒண்ணுமே இருக்காது, அதனால நானும் பாக்க ஆரம்பிச்சேன். மேகத்து மேல ஒரு கோட்டை. ராணி பேரு ஆலினி, அவ மக வேழினி. வேழினி ஒரு நாரை மேல ஏறிப் பறப்பா. கோட்டைக்கு ஒரு காவலன், நல்லவன். மொத்தம் அம்பத்திரண்டு அத்தியாயம். பேத்திக்குப் பதினொரு வயசானதும், தாத்தா அதெல்லாம் சின்னப் பசங்க பாக்கறதுன்னுட்டா. அவ உட்டுட்டா. நான் உடல. ஒரு பக்கம் பாதியில நின்னா எனக்குச் சோறு எறங்காது.

அங்கதான் குட்டிநாரை வந்து சேந்தது. அந்த ஆளு வெச்சுக்கிட்ட பேரு அதுங்க, நெசப் பேரு ஆருக்குத் தெரியும்? நீங்க எதுக்கு இப்பவே கண்ணத் தொடைக்கறீங்க? இருங்க, நல்லதும் சொல்றேன். போன வருசம் பூரா நாங்க ரெண்டு பேருந்தான் அந்தப் பக்கத்தத் தூக்கி நிமித்துனோம். அவன் கதைச் சுருக்கம் எழுதுவான், நான் படத்தப் போட்டு நிமிசம் நிமிசமாச் சரிபாப்பேன். அவன்னுதான் சொல்றேன், பேரு குட்டிநாரைன்னாலும் ஆம்பளையாத்தான் இருக்கோணும். ஆனா நல்லா எழுதுவான். எறகு நனைஞ்ச நாரை எப்படி மெதுவா மேல ஏறுதுன்னு ஒரு வரி எழுதியிருந்தான், நான் மூணு தடவ படிச்சேன். நான் பண்ற திருத்தத்துக்கெல்லாம் நன்றிங்கற பொத்தானத் தட்டுவான். பிரணிதா போன் பண்றது கொறஞ்சுபோனதுக்கப்புறம், ஒரு நாளைக்கு ஒருக்கா அந்த நன்றி வரும். அத எதிர்பாத்துட்டு இருப்பேன்னு வெச்சுக்கங்களேன்.

அப்படிப்பட்டவன் கெட்டுப்போனா வயிறு எரியுமா எரியாதா?

சித்திரை, வைகாசி ரெண்டு மாசம் ஆளே இல்ல. என்னங்க? சித்திரையிலதான் வீடு மாத்துனாங்களா? எங்கன்னு உங்ககிட்டச் சொல்லவே இல்லியா? ஆரு, உங்க சொந்தக்காரங்களா? செரி செரி, அத அப்பறம் சொல்லுங்க. நான் வரிசையா வர்றேன், நடுவுல உட்டா எனக்கு மறந்துரும்.

ஆனியில திரும்ப வந்தான். ஆனா நேரம் மாறிப்போச்சு. முன்னெல்லாம் காத்தால, மத்தியானம், எப்ப வேண்ணாலும் எழுதுவான். இப்ப மூணே முக்காலுக்கும் நாலுக்கும் நடுவுல மட்டுந்தான். பள்ளிக்கூடம் உட்டு வர்ற நேரம். எழுத்தும் அவசர அவசரமா இருந்துது. கொம்பு இல்ல, காலு இல்ல, நான்தான் ஒண்ணொண்ணாத் திருத்தோணும்.

வந்தவன் முப்பத்தொண்ணாம் அத்தியாயத்துல கை வெச்சான். அது எனக்கு மனப்பாடமுங்க. ராணி ஆலினி ஒரு குகைக்குள்ள போவா, கதவு மூடிக்கும், வேழினி நாரையோட வந்து தொறந்து உடுவா. இருவத்திரண்டாவது நிமிசம் ஆத்தாளும் மகளும் வெளிய உக்காந்து மாம்பழம் திம்பாங்க. அவ்வளவுதான் கதை. இவன் என்ன எழுதுனான் தெரியுமா? வரலாறுல இருக்குது பாருங்க, படிக்கறேன். "ராணி வெளியே வரவில்லை. காவலன் கதவை வெளிப்பக்கம் பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறான். சாவி கிழவியின் இடுப்பில் இருக்கிறது."

கெழவியே அந்தப் படத்துல கெடையாதுங்க!

நீக்கிப்போட்டேன். 'இப்படியொரு காட்சி இல்லை'ன்னு காரணமும் எழுதுனேன். மக்காநாளு அதே மூணே முக்காலு, அதே எடத்துல மறுபடி. "வேழினி பள்ளியிலிருந்து வந்ததும் சன்னல் கம்பி வழியாக மந்திரப் பலகையை நீட்டுகிறாள். அந்தப் பலகையில் பொம்மைப் படமும் கலைக்களஞ்சியமும் மட்டுமே திறக்கும். இரவில் காவலன் பலகையை வாங்கிப் பார்ப்பான். ஆகவே ராணி எதை எழுதினாலும் கதையாகத்தான் எழுத முடியும்."

பாத்தீங்களா தைரியத்த? மேகத்து மேல இருக்கற கோட்டைக்குள்ள கலைக்களஞ்சியத்தக் கொண்டாந்து வெச்சுட்டான். எனக்குக் கோவம்னா கோவம். ரெண்டே நிமிசத்துல நீக்குனேன். அப்படி இருந்தும் அநியாயமா நீக்கக் கூடாதுன்னு அந்த அத்தியாயத்தத் திரும்பப் போட்டுப் பாத்தனுங்க. ஒருக்கா இல்ல, பதினோரு தடவ. ஒருவேள இந்தியில போட்டதுல, மலையாளத்துல போட்டதுல எச்சா காட்சி கிட்சி இருக்குமோன்னு அதையும் தேடுனேன். எங்கியும் இல்ல. எந்த நிர்வாகி ஒரு பொம்மப் படத்துக்கு இத்தன பாடுபடுவானுங்க?

இதா நிக்கறாளே எம்பட சம்சாரம், இவ அப்ப எம்பொறத்தால நின்னு படிச்சுப்போட்டு, ஏனுங்க இது கதையாட்டத் தெரியலீங்க, ஆரோ பொம்பள கஷ்டத்தச் சொல்றாப்பல இருக்குதுன்னா. சீரியலு பாத்துப் பாத்து உனக்கு எல்லாம் அழுகாச்சியாத் தெரியுதுன்னு சொல்லித் தொரத்திட்டேன். இல்லியா துளசி? சொன்னீல்ல? ஏன் தண்ணிச் சொம்பக் கையிலயே வெச்சுட்டு நிக்கற, அவங்களுக்குக் குடு.

அப்பறம் என் பேச்சுப் பக்கத்துக்கே வந்தான். பேச்சுப் பக்கம்னா, ஒருத்தருக்கொருத்தர் எழுதிக்கறது. ஆரு வேண்ணாலும் படிக்கலாம். என்ன கேட்டான் தெரியுமா? "ஐயா, நீங்கள் சங்ககிரியா? கோட்டை அங்கிருந்து அரை மணி நேரம்தான். ஒருமுறை நேரில் வர முடியுமா?" நேர்ல வாங்கறான்! எடைமேடையில இதாட்ட எத்தனையோ பேரப் பாத்துட்டேன். எடை செரியாப் போட்டா, கேட்டுக்கு வெளிய வாடா பாத்துக்கறேம்பாங்க. நான் பயப்படற ஆளா? மெரட்டலுக்குப் போடற எச்சரிக்கை இருக்குது, செவப்புக் கட்டம் போட்டு, அத ஒட்டிட்டேன். கீழ மரியாதையா, சான்று இருந்தால் கொடுங்கள், எந்த அத்தியாயம், எந்த நிமிடம் என்று குறிப்பிடவும்னு எழுதுனேன்.

அதுக்குப் பதிலு ஒரே வரி. "சான்று என் முதுகில் இருக்கிறது."

முதுகுலயாம்! முதுகு எப்படிங்க சான்றாகும்? அச்சுல வந்திருக்கோணும், இல்லாட்டி படத்துல இருக்கோணும். மூணாவது ஆளு ஒருத்தர் சரிபாக்கறாப்பல இருக்கோணும். அதுதான விதி? என்னங்கம்மிணி, ஏன் வாயப் பொத்திக்கறீங்க? காரமா ஏதாச்சும் தின்னீங்களா? குடிங்க, தண்ணியக் குடிங்க.

ரெண்டாவது எச்சரிக்கை போட்டேன். அப்பறம் நாலஞ்சு நாளு சத்தமில்ல. செரி, புத்தி வந்துருச்சுன்னு நெனச்சேன். உள்ளுக்குள்ள ஒரு சந்தோசந்தான். பழையபடி எழுத வந்தான்னா மன்னிச்சுப்போடலாம்னுகூட இருந்தேன். சத்தியமாச் சொல்றேன். அந்த நன்றிப் பொத்தானு இல்லாம எனக்கே ஒரு மாதிரித்தான் இருந்துது.

அப்பத்தான் ஆடி வந்தது. அந்த ஆடிய மறக்க மாட்டேன். ஒரே வாரத்துல மூணு தடவ எழுதிட்டான். மூணையும் நீக்குனது மட்டுமில்ல, வரலாறுல இருந்தே மறைச்சுப்போட்டேன். நிர்வாகியத் தவுர ஆரும் படிக்க முடியாது.

ஓ, நீங்க அதப் பாத்துட்டுத்தான் வந்திருக்கீங்களா? சாம்பல் கலர்ல கோடு போட்டு மூணு வரி, 'நிர்வாகி எடைக்கல் மறைத்துள்ளார்'னு இருக்குமே, அதுக்குள்ள என்னன்னு தெரியோணுமா? மத்ததெல்லாம் படிச்சுட்டீங்களா? பரவால்லியே. போன வருசமே உங்ககிட்டச் சொல்லியிருக்கறாளா, பாப்பாவுக்காக இதுல எழுதறேன்னு? ஆரு சொன்னா? தங்கச்சியா? இருங்க இருங்க, அப்ப குட்டிநாரைங்கறது பொம்பளையா? உங்க தங்கச்சியா? அட, மொதல்லயே சொல்லியிருக்கலாமே! அக்காகாரியத் தூது அனுப்பியிருக்கறாளாக்கும். செரியாப் போச்சு. அவளே வந்திருந்தா என்ன, கடிச்சா முழுங்கீருவேன்? கூச்சமாக்கும், பண்ணுன காரியத்துக்கு.

இல்லீங்க, அதக் காட்ட முடியாது. அழுதாலும் முடியாது. வெளியாளுக்குக் காட்டக் கூடாதுன்னு விதி. ஏன் மறைச்சேன்னு வேண்ணா சொல்றேன். மொதல் தடவ எழுதுனது ஒரு விலாசம். கோட்டை எங்க இருக்குதுன்னு. மேகத்து மேல இருக்கற கோட்டைக்கு வீதிப் பேரும் கதவு நெம்பரும்! ரெண்டாவது தடவ ஒரு மந்திர எண்ணுன்னு எழுதியிருந்தான்... எழுதியிருந்தா. எண்ணிப் பாத்தா பத்து நெம்பரு, செல்போன் நெம்பராட்ட. இப்ப நீங்களே சொல்லுங்க. பொய்யா இருந்தா நீக்கோணும். நெசமா இருந்தா, ஆரோ ஒருத்தரோட வீடு, ஆரோ ஒரு பொம்பளையோட நெம்பரு, ஊருக்கே தெரியறாப்பல கெடந்தா என்னாகும்? மறைக்கோணும். ஆளுங்களோட பாதுகாப்புக்குத்தானுங்க அந்த விதியே. ரெண்டுல எதுன்னாலும் அது பக்கத்துல இருக்கக் கூடாது. பதினோரு நிமிசத்துல மறைச்சுட்டேன். அதுக்குள்ள ஒருத்தருகூடப் பாத்திருக்க மாட்டாங்க, எனக்கு அதுல பெரும.

மூணாவது, ஆடிப்பெருக்குக்கு மொதநாளு. அதோட பொறுமை போச்சு. கணக்க முடக்குனேன். வேற பேருல வந்துரக் கூடாதுன்னு அந்த வீட்டு இணைப்புல இருந்தே ஆரும் எழுத முடியாதபடி ஒரு வருசத்துக்குப் பூட்டுனேன். இன்னியோட நாப்பத்தொரு நாளு. அதுக்கப்புறம் அங்கிருந்து ஒத்த எழுத்து வரல பாத்துக்கங்க. கண்டிச்சா அடங்குது. அதுல எழுதற மத்த தொகுப்பாளருங்க சேந்து எனக்கு ஒரு பதக்கம் குடுத்தாங்க, படந்தான், பயனர் பக்கத்துல ஒட்டிக்கறது. 'முகில்கோட்டையின் காவலன்'னு எழுதியிருக்கும். பிரணிதாவுக்கு அனுப்புனேன். பாத்துட்டா, பதிலு போடல.

என்ன துளசி? காட்டவா? உனக்கு என்ன தெரியும் விதியப் பத்தி... ஏன் இப்படிக் கத்தற? முப்பத்தஞ்சு வருசத்துல நீ எங்கிட்ட இப்படிப் பேசுனதில்ல. செரி, செரி, வந்தவங்க முன்னால எதுக்கு. தொறக்கறேன். ஆனா ஒண்ணு, எழுதிக்கக் கூடாது அம்மிணி. படிச்சுக் காட்டறேன், கேட்டுக்குங்க, அவ்வளவுதான். உங்க தங்கச்சி எத்தன தூரம் போயிட்டான்னு உங்களுக்கே தெரியட்டும்.

இதா. மொத வரி. "கோட்டை இருப்பது குமாரபாளையம், செக்குமேட்டு வீதி, மூன்றாம் சந்து, பதினேழாம் எண். பச்சைக் கதவு. மாடியில் பின்பக்க அறை." பாத்தீங்களா? குமாரபாளையமாம். படத்துல குமாரபாளையம் எங்க வருது? துளசி, நீ ஏன் காலண்டர் தாள்ல எழுதற? எழுதக் கூடாதுன்னு இப்பத்தான சொன்னேன்.

மூணாவது வரியப் படிக்கறேன், நெம்பர அப்பறம் பாக்கலாம். "வேழினியைத் தாத்தா ஊருக்கு அனுப்புகிறார்கள். நாளையிலிருந்து பலகை வராது. எடைக்கல் ஐயா, இதையாவது நீக்காமல் வையுங்கள். ராணிக்குத் தண்ணீர்..." அதோட நிக்குது. வரிய முடிக்கக்கூட இல்ல. எம்பேர எழுதியிருக்கறா பாருங்க, கட்டுரைக்குள்ள! கட்டுரையில தொகுப்பாளர் பேரு வரவே கூடாது. அன்னைக்கு இத நான் கடேசி வரைக்கும் படிச்சனான்னுகூட நெனப்பில்ல. எம்பேரக் கண்டதும் கை தானா நீக்கப் போயிருச்சு.

அம்மிணி, எந்திரிக்காதீங்க, தலை சுத்தப் போகுது. நிறையப் பேரு இப்படித்தான், வீட்டாளு பண்ணுனது தெரிஞ்சா வெக்கமா இருக்கும். உங்க தங்கச்சி பேரு என்னன்னு சொன்னீங்க? ரேவதாளா? ரேவதாள்கிட்டச் சொல்லுங்க, நாச்சிமுத்துக்கு ஒண்ணும் கோவமில்லன்னு. ஒரு மன்னிப்பு எழுதட்டும், ஒரு வருசத்த மூணு மாசமாக் கொறைக்கறேன். நல்லா எழுதற கை. முப்பத்தெட்டாம் அத்தியாயம் இன்னும் வெறுசாக் கெடக்குது, அத அவளத் தவுர ஆரு எழுதுவா?

துளசி, செருப்பப் போட்டுட்டு எங்க கெளம்பற? ஆருக்கு போன் பண்ற? பக்கத்து வீட்டுக் காரு எதுக்கு இப்ப? குமாரபாளையத்துக்கா? போலீசுக்கா? உனக்கென்ன பைத்தியமா? ஒரு பொம்மப் படத்துல எழுதி வெச்சத நம்பி ஊரு மேல போறதா? அட, வெளையாட்டா எழுதியிருக்கறா, அதெல்லாம் அப்படியே நெசம்னு எடுத்துக்கிட்டா எப்படி? சரிபாக்காம ஒண்ணும் பண்ணக் கூடாது. அதத்தான இத்தன நேரமாச் சொல்லிட்டிருக்கறேன்.

உக்காருங்க ரெண்டு பேரும். நிரூபிச்சுக் காட்டறேன். அந்த ரெண்டாவது வரியில இருக்கற நெம்பரு. அன்னைக்கே அடிச்சுப் பாத்திருப்பேன், ஆனா நாமளே போயி விசாரிக்கக் கூடாதுன்னு விதி, அதனால உட்டுட்டேன். இப்ப உங்க திருப்திக்காக அடிக்கறேன். இப்படி ஒரு நெம்பரே இல்லைன்னு போன்ல ரெக்கார்டுல பேசற அந்தப் புள்ளை சொல்லும் பாருங்க, அப்ப ஒத்துக்குவீங்கல்ல? "ராணியின் அக்காவை அழைக்கும் மந்திர எண்." ஒம்போது, நாலு, எட்டு... கண்ணாடி எங்க வெச்சேன்... ஆ, அடிச்சாச்சு. ஸ்பீக்கர்ல போடறேன், நீங்களே கேளுங்க.

மணி போகுது. போகுதே. நெம்பரு இருக்குதாட்ட.

உங்க பையில என்னமோ சத்தம் கேக்குதுங்க அம்மிணி. உங்க போனா? எடுங்க, பரவால்ல, எடுத்துப் பேசுங்க. நான் இருக்கறேன். இங்க மணி போயிட்டேதான் இருக்குது, இன்னும் ஆரும் எடுக்கல.